காத்து விழும்வரை: நெடுந்தீவில் மூன்று இரவுகள்

போன வருசம் ஆனி மாதத்தில் நாங்கள் ஆறு பேர் நெடுந்தீவுக்குப் போனோம். விடியப் போய்ப் பின்னேரம் திரும்பிவிடுவதுதான் யோசனை. பெருக்கு மரம், புறாக்கூடு, வெடியரசன் கோட்டை, வெட்டையில் மேயும் குதிரைகள் என்று எல்லாரும் எடுக்கிற அதே படங்களை நாங்களும் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகுக்கு மாவிலித்துறைக்கு வந்தால், படகு கட்டினபடி கிடக்கிறது. ஆட்கள் பைகளோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். "இண்டைக்கு இனி ஓடாது பிள்ளையள். சோளகம் எழும்பீட்டுது" என்றார் துறையில் நின்ற ஒருவர். அது செவ்வாய்க்கிழமை. நாங்கள் குறிகட்டுவானில் வந்து இறங்கினது வெள்ளிக்கிழமை காலை.

முதல் நாள் எங்களுக்கு அது பகிடியாகத்தான் இருந்தது. எங்களில் ஒருத்திக்குப் பெரியப்பா முறையான ஒருவர் தீவில் இருந்தபடியால் படுக்க இடமும் சாப்பாடும் கிடைத்தன. தீவில் மாட்டுப்பட்டுப் போனோம் என்று வீடுகளுக்கு அறிவித்துவிட்டுச் சிரித்தோம். புதன்கிழமையும் படகு ஓடவில்லை. கடையில் மரக்கறி முடிந்திருந்தது. "வள்ளம் வந்தால்தான் சாமான்" என்றா கடைக்கார அக்கா. இரவு முழுக்கப் பனையோலை அடிக்கிற சத்தத்தில் நித்திரை வரவில்லை.

துறையில் ஒவ்வொரு நாளும் ஒரு அம்மாவைக் கண்டோம். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை, உள்ளே கிளினிக் கொப்பி. வியாழக்கிழமை அவவுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். செவ்வாய்க்கிழமை பின்னேரமே ஏன் வந்தீங்கள் அம்மா என்று கேட்டோம். "இந்தக் காத்தின்ர குணம் எனக்குத் தெரியும். அதுதான் ரெண்டு நாள் முந்தியே வெளிக்கிட்டனான்" என்றா. வியாழக்கிழமையும் படகு ஓடவில்லை.

நாங்கள் தவறவிட்டது இரண்டு வகுப்பும் ஒரு நண்பனின் பிறந்தநாளும். அவ தவறவிட்டது வேறை. ஒரே துறையில் ஒரே காற்றுக்குக் காத்திருந்தாலும் எங்கட காத்திருப்பும் அவவின் காத்திருப்பும் ஒன்றில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. இந்தச் சோளகம் புதுசா அடிக்கிற காற்றில்லை. ஆயிரம் வருசத்துக்கு முன்னும் இதே மாதத்தில் இதே பக்கத்தில் இருந்துதான் அடித்தது. அப்படியிருக்க, நெடுந்தீவு எப்போதிருந்து 'தூரமான' இடமாகியது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிப்பார்த்த பதில்.

எல்லாரும் காத்திருந்த காலம்

முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம். எங்கட கடலுக்கு வருசத்தில் இரண்டு பெரிய காற்று. கார்த்திகை, மார்கழியில் தொடங்கி மாசி வரைக்கும் வடகிழக்கில் இருந்து வாடை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கில் இருந்து சோளகம். வடக்கே போகிற பாய்க்கப்பலுக்குச் சோளகம் வேணும், தெற்கே திரும்பி வருகிறதுக்கு வாடை வேணும். இடையில் இருக்கிற மாதங்களில் காற்று ஒரு நிலையில் நிற்காது.

பாக்குநீரிணையில் இன்னொரு கரைச்சலும் உண்டு. அது ஆழமில்லாத கடல். பல இடங்களில் பத்து மீற்றர்கூட இல்லை. ஆழமில்லாத தண்ணியில் காற்று அடித்தால் அலை நீளமாக எழும்பாது. குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். பெருங்கடலில் ஒரு படகு தாக்குப்பிடிக்கிற காற்று இங்கே அதே படகை உடைத்துப்போடும். இந்தக் கடலைத் தெரிந்தவர்கள் வீரம் காட்டுவதில்லை. காற்று விழும்வரை கரையில் இருப்பார்கள்.

பாய்க்கப்பல் காலத்தில் இப்படி இருந்தது மீனவர்கள் மட்டுமில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துத் துறவி பாகியான் இலங்கையில் இரண்டு வருசம் தங்கிவிட்டு ஊர் திரும்ப ஒரு வணிகக் கப்பலில் ஏறினார். இருநூறு பேருக்கு மேல் ஏறின பெரிய கப்பல். சில நாளிலேயே புயலில் அகப்பட்டது. ஒரு தீவில் ஒதுங்கி ஓட்டையை அடைத்தார்கள். பிறகு தொண்ணூறு நாள் அலைந்து இன்றைய இந்தோனேசியப் பக்கத்தில் ஒரு நாட்டில் கரை சேர்ந்தார்கள். அடுத்த கப்பல் கிடைக்கும்வரை அங்கே அவர் இருந்தது ஐந்து மாதம்.

1344இல் மொரோக்கோப் பயணி இபின் பத்தூத்தா மாலைதீவில் இருந்து தமிழ்நாட்டுக் கரைக்குப் போக வெளிக்கிட்டார். காற்று அவரை இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டது. அப்படித்தான் அவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். சிவனொளிபாத மலைக்கும் போனார். திரும்பத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினபோது, கரையை அண்டுகிற நேரத்தில் காற்று எழும்பி, ஆழமில்லாத தண்ணியில் கப்பல் மாட்டுப்பட்டது. பாய்மரத்தை வெட்டி எறிந்து, மிதப்புக் கட்டி ஆட்களை இறக்கினார்கள். அரசனின் விருந்தாளியாக இருந்தவருக்கும் இந்தக் கடலில் நடந்தது இதுதான்.

இந்தக் கதைகளில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. அந்தக் காலத்தில் காத்திருப்பு எல்லாருக்கும் பொது. அரசனின் கப்பலும் வணிகனின் கப்பலும் துறவியும் பயணியும் ஒரே காற்றுக்குத்தான் காத்திருந்தார்கள். எல்லாரும் காத்திருக்கிற கடலில், ஒதுங்கிக் காத்திருக்கக்கூடிய இடத்துக்குப் பெரிய மதிப்பு இருந்தது. தீவுகளுக்கு இருந்த மதிப்பு அதுதான்.

கல்லில் எழுதின சட்டம்

இதற்கு நல்ல சாட்சி நயினாதீவில் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிற ஒரு கல்வெட்டு. பொலநறுவையில் இருந்து 1153 தொடக்கம் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. எழுதப்பட்டிருப்பது தமிழில்.

அதில் உள்ள செய்தியை எங்கட வார்த்தையில் சொன்னால் இப்படி வரும். பிறநாட்டவர்கள் முதலில் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேணும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேணும். யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

ஒரு பக்கத்தால் பார்த்தால் இது அரசன் உடைந்த கப்பலிலும் காசு பார்க்கிற சட்டம். ஆனால் அது மட்டுமில்லை. கப்பல் உடைகிறது இந்தக் கடலில் அடிக்கடி நடக்கிற காரியம் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. உடைந்த கப்பலின் சொந்தக்காரனுக்குப் பங்கு உண்டு என்று எழுதிவைத்தால்தான் அவன் அடுத்த வருசமும் வருவான் என்பதும் தெரிந்திருக்கிறது. காற்றை நிற்பாட்ட முடியாது, காற்றால் வருகிற நட்டத்தை எப்படிப் பங்குபோடுவது என்று தீர்மானிக்கலாம் என்பதுதான் அந்தக் கல்லில் இருக்கிற அறிவு. அதைத் தலைநகரில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு சின்னத் தீவில், கப்பல்காரர் காணக்கூடிய பக்கத்தில், அவர்களுக்கு விளங்குகிற மொழியில் வெட்டிவைத்தார்கள்.

பிறகு வந்தவர்களும் தீவுகளை விட்டுவிடவில்லை. இபின் பத்தூத்தா ஆரியச்சக்கரவர்த்தியின் கப்பல்கள் நூறளவில் தமிழ்நாட்டுக் கரையில் நிற்கக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுத்தீவு என்று தங்கட மொழியில் அழைத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கட ஊர்களின் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள். நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது, ஊர்காவற்றுறை லெய்டன் ஆனது, காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆனது. வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவால் நடத்திக் கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்திலும் நோலன் என்ற அதிகாரியின் கீழ் அந்த வேலை நடந்தது. இன்றைக்கு நாங்கள் படமெடுத்த குதிரைகள் அந்தக் காலத்தின் மிச்சம்.

அந்த ஆட்சிகளைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் எடுத்தது அவர்களின் லாபத்துக்கு. ஆனால் லாபம் பார்க்கிறவனின் கண்ணிலும் நெடுந்தீவு ஒரு மூலையாகத் தெரியவில்லை என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அது வழியில் இருந்த இடம்.

காத்திருப்பை நிற்பாட்டினவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. காற்று எந்தப் பக்கத்தில் இருந்து அடித்தாலும் அது போகும். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தபிறகு ஆசியாவுக்குப் போகிற கப்பல்கள் இலங்கையைத் தொட்டுக்கொண்டு போகத் தொடங்கின. அவை பெரிய கப்பல்கள். ஆழமில்லாத பாக்குநீரிணை அவைக்குச் சரிவராது.

கொழும்பிலும் ஒரு பிரச்சினை இருந்தது. எங்கட சோளகந்தான் அங்கேயும் தென்மேற்குப் பருவக்காற்றாக அடிக்கிறது. அந்த மாதங்களில் கொழும்புத் துறையில் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்க ஏலாது. தபால் கப்பல்கள் காலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. அதற்குப் பிரித்தானிய அரசு என்ன செய்தது? 1875இல் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு முதற்கல் வைத்து, கடலுக்குள் ஒரு அலைதடுப்புச் சுவரைக் கட்டத் தொடங்கியது. 1885இல் அது முடிந்தது. அதற்குப்பிறகு சோளகம் அடித்தாலும் கொழும்பில் கப்பல் நிற்கும், சாமான் இறங்கும்.

புதன்கிழமை இரவு இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவன் சொன்னான்: "அதே காத்தைக் கொழும்பில கல்லுப் போட்டு மறிச்சிருக்கிறாங்கள்." கொழும்பில் நின்ற கப்பல்களுக்குத் தேயிலை ஏற்றவேணும். அந்தக் கப்பல்கள் காத்திருந்தால் காசு போகும். நெடுந்தீவில் காத்திருந்த ஆட்களுக்காக அப்படி ஒரு கணக்கு யாரும் பார்க்கவில்லை.

1905இல் ரயில் காங்கேசன்துறை வரைக்கும் வந்தது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் நீராவிப் படகு ஓடத் தொடங்கியது. இந்தியாவுக்குப் போகிறவர் ரயிலில் ஏறி, படகில் மாறி, திரும்ப ரயிலில் ஏறினால் போதும். கால அட்டவணை வந்தது. கால அட்டவணை உள்ளவன் காற்றைக் கேட்கத் தேவையில்லை. தீவுகளைத் தொட்டுக்கொண்டு போன பாதையை விட்டுப் போக்குவரத்து வேறு பாதைக்கு மாறினது இப்படித்தான்.

பாய்க்கப்பல்கள் உடனே ஒழிந்துபோகவில்லை. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் இருபதாம் நூற்றாண்டிலும் பர்மாவுக்குப் போய் அரிசி கொண்டுவந்தன. அங்கே கட்டின 'அன்னபூரணி'யை ஒரு அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிப்போக, அது 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கரைசேர்ந்தது. எல்லாரும் பெருமையாகச் சொல்கிற கதை. எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அதில் ஒரு துக்கமும் இருக்கிறது. பாய்க்கப்பலின் காலம் முடிகிற நேரத்தில், அது ஒரு அருமையான பொருளாக விலைப்பட்டுப் போன கதையும் அதுதான்.

1964 மார்கழியில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்தப் படகுச் சேவையும் அதோடு முடிந்தது. கால அட்டவணைக்காரரையும் காற்று ஒருதரம் நிற்பாட்டிக் காட்டியது.

தாம்போதி முடிகிற இடம்

தீவுகளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பண்ணையால் வேலணைக்கு ரோட்டு இருக்கிறது. வேலணையையும் புங்குடுதீவையும் வாணர் தாம்போதி இணைக்கிறது. பஸ் குறிகட்டுவான் வரைக்கும் போகும். அங்கே ரோட்டு முடிகிறது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எல்லாம் அதற்கு அங்காலே. நெடுந்தீவுக்குத்தான் பயணம் கூட, ஒரு மணித்தியாலம் அளவில்.

இந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவில் இருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டது. அதில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். அன்றைக்கு அவர்கள் போன பயணமும் கிளினிக்குக்கும் கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சாதாரணப் பயணந்தான். பெரியப்பா அதைப் பற்றி நீளமாகக் கதைக்கவில்லை. கடற்தடை இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் இப்படிச் சொன்னார்: "காத்து எண்டால் எப்பவோ விழும் மோனை. அது எப்ப விழும் எண்டு எங்களுக்குத் தெரியும். மற்றது எப்ப விழும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

யுத்த காலத்தில் தீவுகளை விட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. முருகைக்கல் மதில்கள் மட்டும் நிற்கிற வளவுகள் நெடுந்தீவில் எத்தனையோ. நாங்கள் முதல் நாள் அந்த மதில்களை அழகாக இருக்கிறதென்று படமெடுத்தோம். மூன்றாம் நாள்தான் ஒவ்வொரு மதிலுக்குள்ளும் ஒரு வீடு இருந்திருக்கும் என்று யோசித்தோம்.

காற்றைத் தெரிந்தவர்கள்

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் எங்களில் சிலருக்குத் தெரியும். 1978இல் படமாகவும் வந்தது. நெடுந்தீவுதான் களம். வாடைக் காலத்துக்குத் தொழில் செய்ய வெளியூரில் இருந்து வந்து வாடியடிக்கிற மீனவர்களின் கதை. காற்று அந்தக் கதையில் நாட்காட்டி மாதிரி. யார் எப்போது வருவது, எப்போது போவது என்பதைக் காற்றுத்தான் சொல்லும்.

அந்த அறிவு இன்னும் தீவில் இருக்கிறது. வியாழக்கிழமை பின்னேரம் பெரியப்பா முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் பனைகளைப் பார்த்தார். "விடிய ஓடும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். காற்று விட்டுவிட்டு அடிக்கிறதாம், இடைவெளி நீண்டுகொண்டு வருகிறதாம். எங்களுக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. போனில் பார்த்த வானிலை அறிக்கை சனிக்கிழமைதான் குறையும் என்றது. வெள்ளிக்கிழமை காலை படகு ஓடியது.

ஆனால் இந்த அறிவை வைத்துத் தீவு மக்களைப் புகழ்ந்துவிட்டுப் போகிறதும் ஒரு தப்பிக்கிற வேலை என்று எங்களுக்குப் படுகிறது. கிளினிக்குக்கு வெளிக்கிட்ட அந்த அம்மாவுக்கும் காற்றைத் தெரியும். தெரிந்தபடியால்தான் இரண்டு நாள் முந்தி வந்தா. தெரிந்தும் அவவால் போகமுடியவில்லை. தனி ஒரு ஆளின் அறிவு செய்யக்கூடியது அவ்வளவுதான். மிச்சம் வேறு யாரோ செய்யவேண்டியது.

எண்ணூறு வருசத்துக்கு முந்தின அந்தக் கல்வெட்டுக்கு நாங்கள் திரும்பத் திரும்பப் போனது இதனால்தான். காற்றால் வருகிற நட்டத்தைச் சொந்தக்காரன் மட்டும் சுமக்கக்கூடாது என்று அதில் ஒரு கணக்கு இருந்தது. யானைக்கும் குதிரைக்கும் இருந்த கணக்கு அது. இன்றைக்குப் படகு ஓடாத நாளில் தவறுகிற கிளினிக்குக்கும், பழுதாகிற மீனுக்கும், பரீட்சைக்குப் போகமுடியாத பிள்ளைக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? பாலம் போடு, பெரிய படகு விடு என்று உடனே சொல்ல நாங்கள் பொறியியலாளர் இல்லை. ஆனால் காற்று ஒவ்வொரு வருசமும் அதே மாதத்தில் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த காற்றுக்கு ஏற்றமாதிரி கிளினிக் திகதிகளையும் பரீட்சை ஒழுங்குகளையும் கடையில் இருக்கவேண்டிய சாமானையும் திட்டமிடலாம். அதற்குக் கடலுக்குள் கல்லுப் போடத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காலை படகில் அந்த அம்மா எங்களுக்கு முன்வரிசையில் இருந்தா. கடல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. தண்ணி தெறிக்கத் தெறிக்கக் கிளினிக் கொப்பியைச் சேலைக்குள் வைத்துக்கொண்டா. திகதி முடிஞ்சுதே அம்மா, இப்ப போய் என்ன செய்யப்போறீங்கள் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"போய்ச் சொல்லிப் பாப்பம். மருந்து முடிஞ்சு போச்சு. இல்லையெண்டால் அடுத்த மாசத்துக்குத் திகதி தருவினம்" என்றா. பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டா: "நீங்கள் பிள்ளையள் வடிவாச் சுத்திப் பாத்தனீங்களோ?"

ஓம் அம்மா என்றோம். வேறு என்ன சொல்கிறதென்று எங்களுக்குத் தெரியவில்லை.